சட்டைக்கையை இறக்கிவிட்ட வருடம்

என்னை யாரும் எதையும் பூசச் சொல்லக்கூடாது, கட்டச் சொல்லக்கூடாது. சொன்னால் எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிடும். வெயிலுக்குப் பயப்படுகிறவன் எதற்கு வெள்ளாமை பண்ண வேண்டும், போய் ஆபீஸில் விசிறிக்குக் கீழே உட்காரட்டும் என்று டீக்கடையில் பேசித் திரிந்தவன் நான். அப்படிப்பட்டவன் இன்று காலை ஆறு மணிக்குக் கண்ணாடி முன்னால் நின்று, இரண்டு விரல் நீளத்துக்கு சன்ஸ்கிரீனைப் பிதுக்கி, காது மடல் வரைக்கும் பூசிக்கொண்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். பேரைப் போட்டால் சண்டைக்கு வருவார்கள், அதனால் பேர் இல்லாமலே சொல்கிறேன்.

நாமக்கல்லிலிருந்து மேற்கே போகும் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எனக்கு மூன்று ஏக்கர் தோட்டம். கிணறு ஒன்று, மாடு இரண்டு. இருபது வயதிலிருந்து அதில்தான் கிடக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நான் வீட்டுக்குள் உட்கார வேண்டிய நிலைமை வந்தது. கடன் கிடன் ஒன்றும் இல்லை. என் தோல்தான் காரணம்.

மாசி மாதக் கடைசியில் பின்கழுத்தில் அரிக்க ஆரம்பித்தது. ஏதோ பூச்சி என்று நினைத்தேன். பங்குனியில் இரண்டு முன்கையும் சேர்ந்துகொண்டன, சித்திரையில் முகம். சொறியச் சொறியத் தோல் தடித்து, கறுத்து, பழைய சைக்கிள் சீட்டு மாதிரி வெடித்தது. நீர் கசியும், காயும், மறுபடி கசியும். நான் எப்போதும் முழுக்கைச் சட்டைதான் தைப்பேன். ஆனால் கையை நான்கு மடிப்பு மடித்து முழங்கைக்கு மேலே ஏற்றிவிடாமல் வாசலைத் தாண்ட மாட்டேன். அப்படி ஏற்றிவிட்டால்தான் ஆள் பாடுபடுகிறவன் என்று தெரியும் என்பது என் நினைப்பு. துண்டையும் தலையைச் சுற்றி உருமாலாகத்தான் கட்டுவேன். கழுத்தும் காதும் முகமும் வெயிலுக்குத் திறந்தே கிடக்கும்.

எங்கள் பக்கத்தில் தோலில் எது வந்தாலும் மருந்து ஒன்றுதான். வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் காய வேண்டும். சொறியா, வெயிலில் காய். படையா, வெயிலில் காய். காலை இளவெயில் என்றுதான் சொல்வார்கள். ஆனால் எனக்கு மாடு கறந்து பாலை ஊற்றிவிட்டு வரவே ஒன்பது தாண்டிவிடும். அதனால் பத்து மணிக்குக் களத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, எண்ணெயைப் பூசிக்கொண்டு, நாமக்கல் சித்திரை வெயிலில் தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். எரிந்தது. எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எரிச்சல் கூடியதும் இன்னும் அரை மணி நேரம் சேர்த்து உட்கார்ந்தேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

வைகாசியில் ஒரு கல்யாணப் பந்தி. இலை போட்டாகிவிட்டது, உப்பும் வைத்தாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தவர் என் கையைப் பார்த்தார். "செத்த இருங்க, கை கழுவிட்டு வாரேனுங்க" என்று எழுந்து போனவர், இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார். நான் பார்த்துவிட்டேன். எதிர் வரிசையில் இருந்த என் மனைவியும் பார்த்துவிட்டாள். அன்று இலையில் என்னென்ன வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அழுகை வந்தது, அதைக் காட்டிக்கொள்ளாமல் ரசத்தைக் குடித்தேன்.

மனைவி வீட்டுக்கு வந்து பட்டுச்சேலையை மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்க, நாளைக்குச் சேலம் போறோம். தோல் டாக்டருகிட்ட."

"எதுக்கு? எண்ணெய் பூசீட்டுத்தான இருக்கறேன்."

"நீங்க எண்ணெய்ல வறுபட்டுக்கிட்டு இருக்கறீங்க. வாங்கன்னா வாங்க."

அஸ்தம்பட்டியில், ஏற்காடு ரோட்டிலிருந்து ஒரு தெரு உள்ளே, சின்ன கிளினிக். டாக்டர் ஒரு பெண், முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். என் கையைத் தொட்டுப் பார்த்தார். அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது. மூன்று மாதமாக வீட்டாளைத் தவிர யாரும் என் கையைத் தொட்டதில்லை. கையுறைகூடப் போடாமல் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, வாட்ச்சைக் கழட்டுங்க" என்றார்.

கழற்றினேன். பட்டைக்குக் கீழே, ஒரு விரல் அகலத்துக்கு, தோல் நல்ல தோலாக இருந்தது. தடிப்பு இல்லை, கறுப்பு இல்லை, வெடிப்பு இல்லை. மணிக்கட்டைச் சுற்றி வளையம் போட்ட மாதிரி இருந்தது. பிறகு சட்டைக்கையை மேலே ஏற்றச் சொன்னார். மடிப்பு எந்த இடத்தில் முடிகிறதோ அந்த இடத்தில் நோயும் கோடு கிழித்தாற்போல நின்றிருந்தது.

"துணி இருந்த எடம், பட்டை இருந்த எடம் எல்லாம் நல்லா இருக்கு பாருங்க. உங்களுக்கு ஒத்துக்காதது வெயில்தான்."

எனக்கு வந்ததே கோபம். "அம்பது வருசமா நான் வெயில்லதானுங்க இருக்கறேன். இன்னைக்கு வந்து ஒத்துக்கலைன்னா அதுக்கு என்ன அர்த்தம்?"

"திடீர்னு வரும் ஐயா. தோட்டத்துல வேலை செய்யறவங்களுக்கு, உங்க வயசு ஆம்பளைங்களுக்கு வர்றது உண்டு. பார்த்தீனியம் மாதிரி செடியெல்லாம் கூடச் சேர்ந்துக்கிட்டு இன்னும் பாடாப்படுத்தும். ஆனா இது யாருக்கும் ஒட்டாது." கடைசி வார்த்தையை என் மனைவியைப் பார்த்துச் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எண்ணெய் பூசி வெயிலில் உட்கார்ந்த கதையை மனைவி சொன்னாள். டாக்டர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. "இனிமே வேண்டாம் ஐயா" என்பதோடு விட்டுவிட்டார். அந்த மரியாதைக்கு நான் இன்றுவரை கடன்பட்டவன். அரிப்புக்குக் களிம்பும், அதோடு ஒரு சன்ஸ்கிரீனும் எழுதினார்.

"அது பொம்பளைங்க பூசறதுங்களே. என்னையக் கலராக்கப் பாக்கறீங்களா?"

"கலர் மாத்தற கிரீம் வேற ஐயா. இது முகத்துக்குப் பிடிக்கிற குடை. ஆனா குடை மட்டும் பத்தாது. மொதல்ல துணி. முழுக்கை, தலை, கழுத்து எல்லாம் மூடணும். ரெண்டாவது நேரம். பத்துல இருந்து மூணு வரைக்கும் முடிஞ்சவரை வெளியே வேண்டாம், பன்னெண்டுக்கு மேல கூடவே கூடாது. கிரீம் மூணாவது. துணி மூட முடியாத எடத்துக்குத்தான் கிரீம்."

வாட்ச்சைத் திருப்பிக் கட்டிக்கொண்டேன். கல்யாணத்தில் மாமனார் போட்ட வாட்ச். ஒருநாளும் சரியாக மணி காட்டியதில்லை என்று முப்பது வருடமாக அவரை ஏசிக்கொண்டிருந்தேன். அன்று கிளினிக் வாசலில் நின்று அவரை மனதுக்குள் கும்பிட்டேன்.

இதோடு நான் திருந்தியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். நான் எங்கே திருந்தினேன்? சட்டைக்கையை இறக்கிவிட்டு டீக்கடைக்குப் போன முதல் நாளே, "என்ன, மாப்பிள்ளைச் சட்டையா?" என்று ஒருவன் கேட்டான். மறுநாள் மடித்துவிட்டேன். கிரீமை வீட்டில் வைத்தால் வருகிற ஒறம்பரை, சொந்தபந்தம் பார்த்துவிடும் என்று தோட்டத்து மோட்டார் ரூமுக்குக் கொண்டுபோய் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் செருகி வைத்தேன். சிமெண்ட் அட்டை போட்ட ரூம் அது. மத்தியானம் உள்ளே நுழைந்தால் அடுப்புக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். அந்தச் சூட்டில் கிரீம் உருகி மோராகப் போனது. அதையும் திருநீறு வைக்கிற அளவுக்குத் தொட்டு, நெற்றியில் மட்டும் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்வேன்.

ஆடியில் மறுபடி போனபோது கை முன்னைவிட மோசமாக இருந்தது. "ரெண்டு மாசத்துல எத்தனை டியூப் தீர்ந்துச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"அதேதானுங்க. இன்னும் பாதிக்கு மேல இருக்குது."

அவர் பேனாவை மூடி வைத்தார். "ஐயா, இன்னும் ரெண்டு மாசம் பாக்கலாம். அதுக்குள்ள குறையலைன்னா பலமான மாத்திரைதான் குடுக்கணும். பகல்ல வெளியே போறதையே நிறுத்த வேண்டி வரும்."

பஸ்ஸில் என் மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, எனக்கு வெயில் படாமல் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். மல்லூர் தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்.

"கல்லக்கா வெள்ளாமை எடுத்ததும் தோட்டத்தைக் குத்தகைக்கு உட்டுரலாமுங்க. உங்க பள்ளிக்கூடத்துக் கூட்டாளி கேட்டுக்கிட்டேதான இருக்கறாரு. எனக்குத் தோட்டம் வேண்டாம். ஆளு வேணும்."

அந்தக் கூட்டாளி எங்களுக்குப் பக்கத்துக் காட்டில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். நல்லவன்தான். என் வார்த்தையை வாங்கிக்கொண்டு, கார்த்திகையிலிருந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். அன்றிலிருந்து நான் வரப்பில் நடந்தால் ஒவ்வொரு தென்னையாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பகலில் வர முடியாதவனுக்குத் தோட்டம் எதற்கு என்று எனக்கே தோன்றும்.

ஆவணியில் கல்லக்காய்க்கு, அதாவது நிலக்கடலைக்கு, முதல் களை. ஆறு பெண்கள் வந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிற அம்மா பதினைந்து வருடமாக எங்கள் தோட்டத்துக்கு வருகிறவர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். களை வெட்ட வருகிற பெண்களின் உடுப்பு எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சேலைக்கு மேலே ஆம்பளை முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பித்தான் போட்டிருக்கும். தலையை மூடித் துண்டு, மூக்கை மூடி இன்னொரு துணி. கண் மட்டும் தெரியும். முப்பது வருடமாகத் தினம் என் கண் முன்னால் நடமாடிய உடுப்பு அது. ஒருநாளும் நான் அதைக் கவனித்ததில்லை.

மத்தியானச் சோற்றுக்கு மோட்டார் ரூம் நிழலுக்கு வந்தார்கள். அதில் ஒரு சின்னப் பெண் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு டியூபை எடுத்துவிட்டாள்.

"இதென்னுங்கண்ணா, அக்காளோட கிரீமுங்களா?"

"மாட்டு மருந்து. கீழ வெய்யி."

அவள் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "ஏனுங்கண்ணா, மாடு இத்தன வாசமாவா இருக்கோணும்?"

அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "வேலைக்கு வந்தீங்களா, வேவு பாக்க வந்தீங்களா?" என்று கத்தினேன். கத்திய கத்தலில் தென்னையில் இருந்த காக்காய் பறந்தது. எல்லோரும் சோற்றுப் போசியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

அந்த அம்மா மட்டும் குனியவில்லை. "யாரு மேலங்கண்ணா கோவம்? அந்தப் புள்ள மேலயா, டியூபு மேலயா?" என்று கேட்டுவிட்டு, டியூபை வாங்கிப் பழைய இடத்தில் வைக்கக் கையை நீட்டினார். அப்போதுதான் அந்தச் சட்டையைப் பார்த்தேன். நீலக் கட்டம், பையில் பேனா மைக்கறை.

"அது என்ற சட்டை" என்றேன்.

"ஆமாங்க. போன பொங்கலுக்கு அக்கா குடுத்தாங்க. கழட்டித் தரட்டுங்களா?" என்று கேட்டதும் மறுபடி சிரிப்பு கிளம்பியது. அவர் கையை எனக்கு முன்னால் திருப்பிக் காட்டினார். "இங்க பாருங்க. நீங்க மடிச்ச தடம். எத்தன தொவைச்சாலும் போவ மாட்டேங்குது."

முழங்கைக்கு மேலே அந்தச் சட்டை வெளுத்து நூலாகிவிட்டிருந்தது. முழங்கைக்குக் கீழே, நான் எப்போதும் மடிப்புக்குள் வைத்திருந்த இடம், கடையில் எடுத்த அன்றைக்கு இருந்த நீலமாகவே இருந்தது. அவர் பித்தானைக் கழற்றி அந்தக் கையை ஏற்றினார். உள்ளே இருந்த தோலில் ஒரு தடிப்பு இல்லை. என் கையைப் பார்த்தேன். சட்டைக்கு ஒன்றும் ஆகாமல் பத்திரமாக மடித்து வைத்துவிட்டு, கையைக் கொண்டுபோய் வெயிலில் கொடுத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கத்த வாய் வரவில்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னது, டியூபை ஒளித்தது, கார்த்திகையில் தோட்டம் கைமாறப் போவது. பந்தியில் ஒருவர் எழுந்து போனதையும் சொன்னேன். மனைவியிடம்கூட நான் பேசாத சமாச்சாரம் அது.

அந்த அம்மா போசியைக் கழுவி ஊற்றிவிட்டு வந்தார். "வெயிலுகிட்ட என்னங்கண்ணா ரோசம்? நீங்க தோட்டத்துக்காரருன்னு அதுக்குத் தெரியவா போவுது?"

அவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நான் ஒளிக்காமச் சொல்லிப்போடறேன். உங்க கூட்டாளி எடுத்தா இங்கயும் கோழிச் செட்டுத்தான் வரும். களையும் இருக்காது, எங்களுக்கு வேலையும் இருக்காது. அதனால நீங்க நல்லாகோணும். நாளைக்கு முழுக்கையை இறக்கி உட்டு வாங்க. கூட ரெண்டு துண்டு. அப்பறம் எங்களையும் ஆறரைக்கே வரச் சொல்லுங்க, பன்னெண்டுக்கு உட்டுருங்க. எத்தன வருசமாக் கேக்கறோம்!"

கேட்டது உண்மை. பால் ஊற்றுகிற வேலை கெடும் என்று நான்தான் ஒவ்வொரு வருடமும் தட்டிக்கழித்தேன். உச்சி வெயிலில் அந்த ஆறு பேரும் குனிந்து நிற்க, நான் என் சௌகரியத்தைப் பார்த்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் ஆறரைக்கு அந்த அம்மா என் முன்னால் நின்று, தன் தலைத்துண்டை அவிழ்த்து, மெதுவாக மறுபடி கட்டிக் காட்டினார். நான் பார்த்துக் கட்டினேன். அவிழ்ந்து விழுந்தது. "அப்படியில்லைங்கண்ணா, காதுக்குப் பொறத்தால கொண்டாந்து முடிச்சுப் போடுங்க." மூன்று தடவை அவிழ்த்து மூன்று தடவை கட்டினார். முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று தெரியாது, துணி மூடியிருந்தது. மற்ற ஐந்து பேரின் தோளும் குலுங்கியதை நான் பார்த்தேன்.

அந்தக் கோலத்தில் மத்தியானம் வீட்டுக்குப் போனேன். மனைவி வாசலுக்கு வந்து, "யாருங்க, என்ன வேணும்?" என்றாள். துணியை இறக்கினேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை. சாயங்காலமே புது டியூப் வாங்கி வந்து, வீட்டுக்குள் குளிர்ச்சியான மாடத்தில், யார் வந்தாலும் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள்.

அதன்பிறகு எல்லாம் அவள் ராஜ்ஜியம். காலையில் காப்பிக்கு முன்னால் இரண்டு விரல் நீளம், முகத்துக்கும் கழுத்துக்கும். புறங்கைக்குத் தனியாக. ஒன்பது மணிக்கு வேர்வையில் கரைந்திருக்கும் என்று போன் அடிப்பாள். பேச மாட்டாள், ஒரு மிஸ்டு கால்தான். போன் அடித்ததும் களை வெட்டுகிற பெண்களே, "அண்ணா, பூசற மணி அடிச்சிருச்சுங்க" என்று சத்தம் போடுவார்கள். அந்தச் சின்னப் பெண் ஒருநாள், "எங்களுக்குப் பூசினா கலராவமுங்களா?" என்று கேட்டாள். "கலராகாது அம்மிணி, இது குடை" என்று நான் டாக்டர் மாதிரியே சொன்னேன். சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. பன்னிரண்டு அடித்தால் எல்லோரும் கரையேறிவிடுவோம். பால் ஊற்றும் வேலையை மனைவி எடுத்துக்கொண்டாள்.

புரட்டாசி முதல் வாரம் அஸ்தம்பட்டி. டாக்டர் என் கையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். தடிப்பு இறங்கியிருந்தது. வெடிப்பு மூடியிருந்தது. கறுப்பு மட்டும் இருந்தது, அது மெதுவாகத்தான் போகும் என்றார். "எத்தனை டியூப்?" என்று கேட்டார். "ரெண்டு தீந்து மூணாவது ஓடுதுங்க" என்று நான் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"தோட்டத்துக்குப் போலாமுங்களா?" இதைக் கேட்டது என் மனைவி.

"இப்ப போற மாதிரியே மூடிக்கிட்டுப் போகட்டும்மா. விட்டா மறுபடி வரும். விடாம இருந்தா ஒண்ணும் பயமில்லை."

ஆனால் கூட்டாளியிடம் கொடுத்த வார்த்தை அப்படியேதான் நின்றது. கார்த்திகைக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. வேண்டாம் என்று அவனிடம் சொல்ல மனைவிக்குச் சங்கடம். எனக்கோ பயம். இன்னொரு கோடையைத் தாங்குவேனா என்று யாருக்குத் தெரியும்? அவன் பேச்சை முடிக்க வருகிறேன் என்று போன் செய்தபோது மனைவி, "அவருகிட்டயே கேட்டுக்குங்க, தோட்டத்துலதான் இருப்பாரு" என்று சொல்லிவிட்டாள்.

கடலைக்கு இரண்டாம் களை நடந்துகொண்டிருந்தது. ஏழு பேர் ஏழு சாலில். ஏழாவது ஆள் நான். முழுக்கை, இரண்டு துண்டு, கண் மட்டும் வெளியே. வண்டிச் சத்தம் கேட்டது. கூட்டாளி வண்டியை வரப்போரம் நிறுத்தி, நெற்றிக்குக் கையை வைத்து ஏழு பேரையும் பார்த்தான். ரோட்டுப் பக்கம் கடைசிச் சாலில் நின்றது நான்தான்.

"ஏன் அம்மிணி, உன்னையத்தான். தோட்டத்துக்காரரு எங்க?"

ஆறு களைக்கொத்தும் ஒரே சமயத்தில் நின்றன. என் கோபம் அவர்களுக்குத் தெரியும். நாமக்கல் வட்டாரத்தில் என்னை ஒருவன் அம்மிணி என்று கூப்பிட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போக முடியுமா? அந்தச் சின்னப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நானும் கோபம் வரும் என்றுதான் நின்றேன். வரவில்லை. என்னைத் தெரியாமல் போகிற அளவுக்கு என்னை மூடிக் காப்பாற்றி நிறுத்தியிருக்கிறார்களே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. துணியை இறக்காமலே சொன்னேன்.

"தோட்டத்துக்காரரு களை வெட்டிக்கிட்டு இருக்கறாருங்க. குத்தகைக்கு உடறதா இல்லைன்னு சொல்லச் சொன்னாருங்க."

அவன் கழுத்தை நீட்டிப் பார்த்தான். "மாப்ளே… நீயா?" என்றான். பிறகு வண்டி மேலேயே குனிந்து சிரிக்க ஆரம்பித்தான். எனக்குத் துணிக்குள்ளே கண் கரித்தது. கிரீம் வழிந்து கண்ணுக்குள் போய்விட்டது என்று யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று நின்றேன். யாரும் கேட்கவில்லை.

அந்த அம்மா மட்டும் முன்னாலிருந்து திரும்பிப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏனுங்கண்ணா, உங்க சாலு மட்டும் பின்னால நிக்குது பாருங்க. பன்னெண்டுக்குள்ள கரையேற வேண்டாமா?"

சட்டைக்கையின் பித்தானைச் சரி பார்த்துக்கொண்டு குனிந்தேன்.